கடல் சும்மா கிடந்தது

ஜூலை 6

கப்பல் கொழும்பை விட்டதிலிருந்து உருளைக்கிழங்கு. வேகவைத்தது, மசித்தது, பொரித்தது. இன்று உணவுக்கூடப் பலகையில் ‘இந்தியக் கறி’ என்று எழுதியிருந்ததை நம்பி வரிசையில் நின்றேன். மஞ்சள் தண்ணீரில் அதே உருளைக்கிழங்கு.

எனக்கு மதியத்திலிருந்து நள்ளிரவு வரை வேலை. அறையைப் பகிர்ந்துகொள்ளும் டச்சுப் பெண்ணுக்கு மற்ற பாதி நாள். அவள் முகத்தை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. அவளுடைய ஈரத்துண்டை மட்டும் நன்றாகத் தெரியும். தினமும் என் நாற்காலியில்தான் காய்கிறது.

கப்பலில் இன்னொரு தமிழர் இருக்கிறார். குகநேசன், மட்டக்களப்புக்காரர், பெர்த்தில் ஆராய்ச்சி. என்னைவிடச் சில வயது இளையவர். “அக்கா, தமிழ் கதைக்க ஓராள் கிடைச்சது பெரிய காரியம்” என்று முதல் நாளே ஒட்டிக்கொண்டார். கோவா அலுவலகத்தில் இல்லாத அமைதி இங்கே கிடைக்கும் என்று நினைத்து வந்தவள் நான். சாப்பிடும்போது பேசுகிறார், படியேறும்போது பேசுகிறார், பல் துலக்கிக்கொண்டே பேசுகிறார்.

ஜூலை 10

இடத்துக்கு வந்துவிட்டோம். சுமத்ராவுக்கு மேற்கே, ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் விளிம்பு. கடலடியைத் துளைத்து மண்ணெடுத்து, இங்கே நிலநடுக்கமும் சுனாமியும் ஏன் இவ்வளவு பெரிதாகின்றன என்று பார்க்கப் போகிறோம். கடைசியில் துளைக்குள் ஓர் அழுத்தமானியைப் பொருத்திவிட்டுக் கிளம்ப வேண்டும். திட்டம் இதுதான். கேட்க அழகாக இருக்கிறது.

கப்பலுக்கும் தரைக்கும் நடுவே நாலு கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர். குழாய்களை ஒன்றோடொன்று திருகித் திருகி இறக்குகிறார்கள். அது தரையைத் தொடவே ஒரு பகல் போய்விட்டது. எல்லாரும் மேல்தளத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். குகநேசன் என்னையும் கூப்பிட்டார். எனக்கு ஆய்வுக்கூடத்தில் சல்லடைகளை அடுக்க வேண்டியிருந்தது. ஆய்வுக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. கப்பலிலேயே உருப்படியாகக் கட்டிய ஒரே இடம் அதுதான்.

ஜூலை 13

அண்ணன் பேசினான். நல்ல நேரம் பார்த்து, முதல் மண் மேலே வந்து நான் தலைகீழாக நின்றுகொண்டிருக்கும்போது.

“பாப்பா, அடுத்த சுனாமி எப்ப வரும்னு தெரிஞ்சுதா?”

“அண்ணே, அது அப்படித் தெரியற விஷயமில்ல.”

“ஒரு உத்தேசமாச் சொல்லு. நூறு வருஷம் ஆவுமா?”

மண்ணில் கிடக்கும் நுண்ணிய ஓடுகளைக் கழுவி, உருப்பெருக்கியில் பார்த்து, அந்த மண் எந்தக் காலத்தில் படிந்தது என்று சொல்வது என் வேலை என்று விளக்கினேன். உப்புப் பருக்கையைவிடச் சின்ன ஓடுகள். எந்த வகை இருக்கிறது, எந்த வகை இல்லை என்பதை வைத்துக் காலம் சொல்வோம். அதில் நூறு வருடமெல்லாம் கண்ணுக்கே தெரியாது, லட்சக்கணக்கில்தான் சொல்ல முடியும் என்றேன்.

“லட்சமா?” என்றான். அவன் குரலில் ஏனோ ஒரு சந்தோஷம்.

ஜூலை 14

இன்று வந்த குழாயில் மண் இல்லை. தண்ணீர்.

ஜூலை 19

குழாய் சிக்கிக்கொண்டது. துளையின் சுவர் சரிந்து பிடித்துக்கொண்டதாம். இழுத்தார்கள், சுற்றினார்கள், சேற்றுநீரைப் பாய்ச்சினார்கள். கப்பல் முழுக்க முனகியது. கடைசியில் உள்ளே வெடி இறக்கிக் குழாயை அறுத்துவிட்டார்கள். கீழ்ப்பகுதி கடலடியிலேயே இருந்துவிட்டது, கூடவே இத்தனை நாள் உழைப்பும்.

தலைமை விஞ்ஞானி ஃபியோனா நியூசிலாந்துக்காரர். கூட்டத்தில், “இது சுவாரஸ்யமான சவால்” என்றார். அவருக்கு எல்லாமே சுவாரஸ்யம்தான். தண்ணீர் மட்டும் வந்தாலும் சுவாரஸ்யம், வெடி வைத்தாலும் சுவாரஸ்யம். இரண்டாவது துளை போடப் போகிறோம். அதுவும் சிக்கினால் அழுத்தமானியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஜூலை 22

அண்ணி அழைத்தாள். எப்போதும் அண்ணன் பேசி முடித்தபின் போனை வாங்கி, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைப்பவள். இன்று தனியாக, தாழ்ந்த குரலில்.

“ஒங்க அண்ணன் பழைய மனையில வூடு கட்டுதும்மா. ஒன்ட்ட சொல்லுச்சா?”

சொல்லவில்லை. கடலுக்கு அடுத்த மனை. சுனாமிக்குப் பிறகு எங்கள் வேலங்குப்பத்தையே உள்ளே தள்ளி, சவுக்குத்தோப்புக்கு அப்பால் காலனி கட்டிக் கொடுத்திருந்தார்கள். கரையில் இத்தனை வருடமாக யாரும் குடியில்லை.

“இன்னும் அஞ்சாறு வூட்டுக்காரங்களும் கூடவே கட்டுறாங்க. எல்லாம் ஒன் பேச்சை நம்பித்தான்.”

“என் பேச்சா?”

“நீ சொன்னியாம், இனிமே இருநூறு வருஷத்துக்கு வராதுன்னு. ஊர்ப் பஞ்சாயத்துல எழுந்து நின்னு சொல்லிட்டுது. என் தங்கச்சி கடலையே தோண்டிப் பாத்துட்டான்னு.”

அதற்குப் பிறகு மண்மாதிரி ஒன்றைக்கூட என்னால் ஒழுங்காகக் கழுவ முடியவில்லை. ஒன்றைக் கீழே கொட்டிவிட்டேன்.

ஜூலை 23

அண்ணனைப் பிடித்தேன்.

“நான் எப்ப அப்படிச் சொன்னேன்?”

“நீ லட்சம்னே. நான் அதக் கொறச்சு, நாயமா இருநூறுன்னு சொன்னேன்.”

பத்து நிமிடம் கத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “காலனியில ஒரு நா இருந்து பாரு” என்றான். “எஞ்சினைத் தோள்ல தூக்கிட்டு அம்புட்டுத் தூரம் நடக்கணும். கரையில உட்டா டீசல உருவிடுறானுவ. காத்து மாறுதா, தண்ணி கலங்குதா, ஒண்ணும் தெரியாது. கடலப் பாக்காம எப்புடித் தொழில் பண்றது? எனக்கும் வயசாவுது.”

அவன் சொல்வதில் ஒன்றும் பொய்யில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

“பஞ்சாயத்துல போய், நான் அப்படிச் சொல்லலைன்னு சொல்லு.”

“பாப்போம்” என்றான். அண்ணன் ‘பாப்போம்’ என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

ஜூலை 28

இரண்டாவது துளை பரவாயில்லை. நல்ல மண் வருகிறது. அதற்கும் சேர்த்து எனக்கு வேலை. சல்லடை, தண்ணீர், அடுப்பு, உருப்பெருக்கி. மறுபடியும் சல்லடை. கை தோல் உரிகிறது.

குகநேசன் தேநீரோடு வந்து உட்கார்ந்தார். அழுத்தமானி அவருடைய பொறுப்பு. அதை இறக்கும் வரை வேலையில்லை, அதனால் எல்லார் வேலையையும் கெடுக்கிறார்.

“அக்கா, சுனாமி அடிக்கேக்க நீங்கள் ஊரிலேயோ இருந்தனீங்கள்?”

“இல்லை. திருச்சியில், கல்லூரி விடுதியில்.”

“வீட்டில ஆருக்கும்…?”

“அம்மா. அப்புறம் அண்ணனோட பையன் அகிலன், நாலு வயசு. அண்ணி தென்னைமரத்தைப் பிடிச்சுத் தப்பிச்சாங்க.”

“அண்ணா?”

“கடல்ல இருந்தான். மீன் பிடிக்கப் போயிருந்தான்.”

“ஓ. அப்ப அவருக்கு ஒண்டும் விளங்கியிருக்காது.”

“அப்படித்தான் சொல்றான்” என்றேன். குகநேசன் என்னைப் பார்த்தார். நான் சல்லடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மாணவர்களுக்கு இதை எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். ஆழ்கடலில் சுனாமி அலை உயரமே இல்லாதது, அதன் நீளம்தான் பெரிது, படகில் இருப்பவருக்கு அது கடந்துபோனதே தெரியாது, கரைக்கு அருகே வரும்போதுதான் எழும்பும். கரும்பலகையில் படம் போடுவேன். என் படம் நன்றாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். படத்தோடு எனக்கு ஒரு சச்சரவும் இல்லை. அதையே அண்ணன் சொல்லும்போதுதான்.

ஜூலை 30

நாற்காலியில் துண்டு. ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன். பதிலுக்கு அவள் சிரிக்கும் முகம் ஒன்று வரைந்து வைத்திருக்கிறாள். துண்டு அங்கேயேதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 4

என்னைக் கேட்காமலேயே குகநேசன் ஒரு காரியம் செய்துவிட்டார். கப்பலிலிருந்து பள்ளிகளோடு வீடியோவில் பேசும் ஏற்பாடு இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளியையும் அதில் சேர்த்துவிட்டார். “நீங்களே நேரில சொல்லுங்கோவன், அக்கா. அண்ணாவோட சண்டை பிடிக்கிறதை விட அது நல்லம்.” சண்டை அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நான் போனில் பேசுவது சாப்பாட்டு வரிசை வரைக்கும் கேட்கிறதாம்.

திரையில் பார்த்தால் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் அதிகம். முன்வரிசையில் செல்லக்கண்ணு அம்மா. என் அம்மாவோடு மீன்கூடை சுமந்தவர். அண்ணன் பின்னால், கதவோரம் நின்றான்.

நிலத்தட்டு, துளை, மண் எல்லாம் சொல்லி முடித்தேன். செல்லக்கண்ணு அம்மா கையைத் தூக்கினார்.

“அதெல்லாம் சரி கண்ணு. எப்ப வரும்?”

“தெரியாதும்மா.”

“தெரியாதா?”

“யாராலயும் சொல்ல முடியாது. நாளைக்கும் வரலாம். நம்ம காலத்துல வராமலும் போகலாம். இருநூறு வருஷம்னு நான் சொல்லவே இல்ல.”

சலசலப்பு. எல்லாரும் திரும்பிக் கதவைப் பார்த்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான். அவன் முதுகைத்தான் பார்த்தேன்.

“தெரியாதுன்னா அப்பறம் எதுக்கு அம்மாம் பெரிய கப்பலு?” என்று கேட்டார் செல்லக்கண்ணு அம்மா.

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்திலிருந்தவர் அவருக்கு ஆறுதல் சொன்னார். “பெரிய கப்பல்ல போயி இவ்ளோ நாளாத் தேடியும் கெடைக்கலன்னா, அது இல்லன்னுதானே அர்த்தம்?” பலரும் தலையாட்டினார்கள். அதோடு இணைப்பு அறுந்தது.

ஆகஸ்ட் 8

அண்ணன் அழைக்கவில்லை. நான் அழைத்தால் எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் போகட்டும்.

ஆகஸ்ட் 9

அண்ணி சொன்னாள்: வேலை நிற்கவில்லை. சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. செல்லக்கண்ணு அம்மா கரையில் கொட்டகை போட்டுக் கட்டிலையும் கொண்டுபோய்விட்டார். ஊரில் என்னைப் பற்றி, ‘படிச்ச பொண்ணு, பயந்து பயந்து பேசுது’ என்கிறார்களாம்.

ஆகஸ்ட் 13

அழுத்தமானி இறங்கிவிட்டது. காற்று கெட்டு, இரண்டு முறை பாதியில் மேலே இழுத்து, மூன்றாம் முறை துளைக்குள் போய் உட்கார்ந்தது. கேபிள் இன்னும் கப்பலோடு இருக்கிறது. சில நாள் சோதித்துவிட்டு அறுத்துவிடுவோம். ஃபியோனா அழுதேவிட்டார். குகநேசன் பாடினார். பாடுவதற்கு யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மதியம், வேலைக்குப் போகுமுன் உணவுக்கூடத்தில் இருந்தேன். தயிர் தீர்ந்துவிட்டது என்றார் சமையல்காரர். நேற்றும் அதையே சொன்னீர்கள் என்றேன். நேற்று தீர்ந்தது இன்றும் தீர்ந்துதான் இருக்கும் என்றார். வாதாடிவிட்டு உட்கார்ந்து வெறும் சோற்றைச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிக்கும்போது ஒலிபெருக்கியில் கேப்டன் பேசினார். தெற்கே, சில நூறு கிலோமீட்டர் தள்ளி, கடலடியில் பெரிய நிலநடுக்கம். இந்தியப் பெருங்கடலுக்குச் சுனாமி எச்சரிக்கை. நாம் ஆழத்தில் இருக்கிறோம், கப்பலுக்கு ஆபத்தில்லை.

குகநேசனின் அறைக்கு ஓடினேன். திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். அழுத்தம் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியிருந்தது.

“கேப்டன் சொல்ல முதலே எங்களைக் கடந்திட்டுது அக்கா. இஞ்ச, எங்கட கப்பலுக்குக் கீழால. நாலு விரல் உயரமும் வராது.”

“எப்ப?”

அவர் நேரத்தைக் காட்டினார். நான் தயிருக்கு வாதாடிக்கொண்டிருந்த நேரம்.

“கரையில எவ்வளவு வரும்?”

“சின்னனாத்தான் இருக்கும் எண்டு நினைக்கிறன். ஆனா நான் சொல்லேலாது.”

எங்கள் கரைக்குப் போய்ச்சேர இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூட இருக்கலாம். கப்பலின் பொதுப் போன்களில் ஒன்றைப் பிடித்து அண்ணனுக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். ஒலித்தது, எடுக்கவில்லை. பிறகு ஒலிக்கவே இல்லை. கப்பலில் எல்லாரும் வீட்டுக்கு அழைத்ததில் இணைப்பு செத்துச் செத்துப் பிழைத்தது. அண்ணி எடுத்தபோது பின்னால் ஒரே இரைச்சல்.

“பள்ளிக்கூட மாடியில இருக்கோம்மா. போலீசு வந்து மைக்குல சொல்லிட்டாங்க.”

“அண்ணன் எங்க?”

“கரைக்குப் போயிருக்கு. இங்கதான் நின்னுச்சு. தலைய எண்ணிப் பாத்துட்டு, கரைக் கொட்டகைக்காரங்க வரலன்னு திரும்ப ஓடிட்டுது. நான் சட்டையப் புடிச்சு இழுத்தேன், நிக்கல.”

இணைப்பு போய்விட்டது. குகநேசன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கப்பலேறியதிலிருந்து அவர் வாய் மூடியிருந்த ஒரே நேரம், அப்போது ஏதாவது பேசமாட்டாரா என்று இருந்தது. இரண்டு மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகும் ஆனது. மற்றவர்களுக்குச் செய்தி வரத் தொடங்கியது. சென்னையில் ஒன்றுமில்லை, திருகோணமலையில் ஒன்றுமில்லை என்று. என் ஊரைப் பற்றி எந்தச் செய்தியிலும் சொல்லமாட்டார்கள்.

தெரியாத எண் ஒன்று வந்தது. அண்ணன்.

“எங்க போய்த் தொலைஞ்சே? எத்தனை தடவ அடிச்சேன் தெரியுமா?”

“போனு வாய்க்கால்ல வுழுந்துட்டுது பாப்பா. செல்லக்கண்ணு அம்மாவத் தூக்கிட்டு வரையில.” மூச்சு வாங்கினான். “கட்டில வுட்டு எறங்க மாட்டேன்னுட்டுது. நீதானே இருநூறு வருஷம்னே, இப்ப எதுக்கு ஓடச் சொல்றேங்குது. நான் சொன்னது பொய்யி, என் தங்கச்சி அப்புடிச் சொல்லவே இல்லன்னு கத்துனேன். அப்பவும் நம்பல. தோள்ல போட்டுக்கிட்டு ஓடியாந்தேன். வழி பூரா என் முதுவுல குத்திக்கிட்டே வந்துச்சு.”

“தண்ணி வந்துச்சா?”

“முட்டியளவுகூட இல்ல. ஆத்துவாயில ஏறி எறங்குச்சு. ரெண்டு படகு கயித்த அறுத்துக்கிட்டுது. அவ்ளோதான்.” பிறகு, “ஒன் கப்பலு?” என்றான்.

“ஒண்ணும் ஆகல.”

“ஒங்க அடியிலதானே போயிருக்கும்? எப்புடி இருந்துச்சு?”

“ஒண்ணுமே தெரியலண்ணே. சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

மறுபடி அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

“ம்” என்றான். “கடலு சும்மாதான் கெடக்கும்.”

“அண்ணே, அன்னிக்கு என்ன நடந்துச்சு? காலையிலேருந்து சொல்லு.”

“இப்பவா?”

“இப்பதான்.”

சொன்னான். விடியுமுன்னே போனதை, வலை கனத்ததை, அன்றைக்கு நல்ல மீன்பாடு என்று பாடிக்கொண்டே திரும்பியதை. முதலில் ஒரு குடம் மிதந்து வந்தது. பிறகு ஒரு கதவு. யார் வீட்டையோ இடிக்கிறார்கள் என்று நினைத்தானாம். பிறகு கரை தெரிந்தது. வீடுகள் தெரியவில்லை. திசை தப்பி வேறு ஊருக்கு வந்துவிட்டோம் என்று படகைத் திருப்பக்கூடச் செய்திருக்கிறார்கள்.

“அகிலனுக்குக் காட்டலாம்னு ஒரு நண்ட ஈரத்துணியில சுத்தி வச்சிருந்தேன். கரைக்கு வர்ற வரைக்கும் அது உசுரோட இருந்துச்சு.”

இதை அவன் எனக்குச் சொன்னதில்லை. நான் கேட்டால்தானே சொல்வான்.

போனை நீண்ட நேரம் பிடித்துவைக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருக்கிறது. பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அண்ணன்தான், “அழாத பாப்பா, போயி வேலையப் பாரு” என்றான். நான் அழவில்லை. இணைப்பில் இரைச்சல்.

ஆகஸ்ட் 20

கேபிளை அறுத்துவிட்டோம். துளைக்குள் அழுத்தமானி தனியாக இருக்கிறது. அதில் சேர்வதை எடுக்க வேறொரு கப்பல் வர வேண்டும். எப்போது வரும் என்று கேட்டேன். நிதியைப் பொறுத்தது என்றார் ஃபியோனா. இதுமட்டும் அவருக்குச் சுவாரஸ்யமாக இல்லை.

ஆகஸ்ட் 26

கொழும்புக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோம்.

அண்ணன் வீட்டு வேலையை நிறுத்திவிட்டான். எழுப்பிய சுவருக்குமேல் ஓலை போட்டு வலையும் எஞ்சினும் வைக்கப் போகிறான், படுக்கை காலனியில்தான். இரண்டு குடும்பம் திரும்பிவிட்டது. மற்றவர்கள், தண்ணீர்தான் முட்டிவரைகூட வரவில்லையே என்று தொடர்ந்து கட்டுகிறார்கள். செல்லக்கண்ணு அம்மா கட்டிலைத் திரும்பக் கரைக்கே கொண்டுபோய்விட்டார். இனி இவர்களிடம் நான் என்ன சொல்ல? எப்போது வரும் என்று தெரியாது, வந்தால் இரண்டு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் கட்டிலை விட்டு இறங்குங்கள் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லச் சொன்னேன். இந்த முறை அண்ணன் ‘பாப்போம்’ என்று சொல்லவில்லை. “நீயே வந்து சொல்லு” என்றான்.

கோவாவுக்குப் போட்டிருந்த டிக்கெட்டைத் திருச்சிக்கு மாற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. மூன்று முறை என் பெயரைத் தப்பாக அடித்து அனுப்பினார்கள். பூங்கோதை என்பது அவ்வளவு கஷ்டமான பெயரா?

எத்தனை நாள் இருப்பாய் என்று அண்ணி கேட்டாள். போன முறை வந்தபோது ஒரு ராத்திரிகூட நான் தங்கவில்லை என்பதை அவள் சொல்லிக்காட்டவில்லை. ஒரு வாரம் என்றேன். அண்ணன் போனை வாங்கிக்கொண்டான்.

“ஒரு நா எங்கூடப் படகுல வர்றியா? அந்த எடத்தக் காட்டுறேன்.”

“எந்த எடம்?”

“அன்னிக்கு நான் வலை உட்டிருந்த எடம்.”

நடுக்கடலில் ஓர் இடத்தை இத்தனை வருடம் எதை வைத்து ஞாபகம் வைத்திருக்கிறான் என்று நான் கேட்கவில்லை. வருகிறேன் என்று சொன்னேன்.